முடிச்சில் இறுகிய முச்சந்தி மண்

அக்கா,

உன்னைக் கொன்றது ரோட்டுத் தூசி. ஊரோ, "வயசாயிருச்சு, போயிட்டா" என்று சொல்லிக் காடாற்றி முடித்துவிட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று காலை அடுப்பங்கரை ஜன்னலோரம் ஒழித்துத் துடைக்கும்போது, உன் பழைய சேலைத் துண்டில் கட்டிய முடிச்சு ஒன்று கையில் தட்டுப்பட்டது. உனக்குக் கண்ணேறு கழிக்கச் சுற்றிப் போட்டதில் மிஞ்சிய முச்சந்தி மண். சாரலில் நனைந்து காய்ந்திருந்தது. அவிழ்த்தால் உள்ளே மண் இல்லை; ஒரு கட்டி. அம்மியில் வைத்துத் தட்டினேன். உடையவில்லை. நம் கொல்லை மண் நனைந்தால் குழையும், காய்ந்தால் உதிரும். இது இறுகியிருக்கிறது.

புழுதி நமக்கென்ன பகையா? மழைக்கு முன்பே புழுதி பறக்க உழுது விதைத்தவர்கள் நாம். தலையெல்லாம் செம்மண்ணோடு வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிப்போம். "நம்ம மண்ணுடி, தின்னாலும் செரிக்கும்" என்பாய். குளித்தால் போய்விடும் தூசி அது.

பிறகு விக்கிரமங்கலம் ரோட்டில் லாரிகள் வந்தன. ஆலைக்குப் போகும்போது சுண்ணாம்புக்கல், வரும்போது சிமெண்ட். எதற்கும் தார்ப்பாய் கிடையாது. முச்சந்தி வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொன்றும் கொஞ்சம் உதறிவிட்டுப் போகும். அதை ஒட்டிய உன் வீட்டில், மூடிவைத்த குடத்துத் தண்ணீரிலும் தூசி ஆடையாகப் படிந்தது. நீ இருமத் தொடங்கினாய்.

"கண்ணு பட்டுருச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"என்னைப் பாத்து எவ கண்ணு வெப்பா? இருக்கறதே நாலு பல்லு" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கடைசியில் நீயேதான் கேட்டாய்: "முச்சந்தி மண்ணு எடுத்தாந்து சுத்திப் போடுடி."

உப்பு மிளகாயோடு அந்த மண்ணையும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவில்லை. "பாத்தியா, கண்ணுதான்!" என்றாய். எது உன் நெஞ்சை அடைத்ததோ, அதையே அள்ளி வந்து உன் தலையைச் சுற்றியிருக்கிறோம், அக்கா.

ஆலையிலிருந்து ஒரு சார் வந்தாரே. "வெறும் தூசிதானே பெரியம்மா, தண்ணி தெளிச்சா அடங்கிரும்" என்றார். நீ விடவில்லை. "சார், உங்க வெள்ளச் சட்டைய எங்க கொடியில ஒரு நா காயப் போடுங்க. சாயங்காலம் நீங்களே போட்டுக்கிட்டுப் போங்க." அவர் ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தண்ணீர் லாரி, அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் வந்தது.

வெறும் தூசியாம்! நம்மையும் அப்படித்தான் எண்ணினார்கள், தட்டிவிட்டால் போயிற்று என்று.

நான் பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள். தெரிந்த மட்டும் எழுதுகிறேன். லாரிக்காரர் தார்ப்பாய் கட்டட்டும். ஆலைக்காரர் ரோட்டைத் தினமும் கூட்டி அள்ளட்டும். தெளித்து ஏமாற்ற வேண்டாம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்காமல் "வயசு" என்று சொல்வதை விடட்டும். எதிர்வீட்டுக்காரி கண்ணேறு பேச்சை மூட்டைகட்டிவிட்டு, இப்போது இருமும் தன் பேத்தியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கட்டும். கலெக்டர் இந்த முச்சந்தியில் இலை போட்டு ஒருவேளை சாப்பிடட்டும்.

என் வேலை இது: திங்கட்கிழமை மனு நாள், அரியலூர் பஸ் ஏறுவேன். கட்டி மடியில் இருக்கிறது. கலெக்டர் மேசைமேல் வைப்பேன். எடுக்கச் சொன்னால், "வெறும் தூசிதானே சார், ஊதிவிடுங்க" என்பேன்.