இரண்டு ஆறு சேரும் ஊரில்

2004 செப்டெம்பர் 9

இன்று பதினாறு கிலோதான். காலையிலிருந்து மழை. அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை ஆபீஸுக்கு வரச் சொன்னார். என்ன குற்றம் பண்ணினோமோ என்று கூடையோடேயே போய் நின்றேன். மேசையில் என் பாஸ்போட் இருந்தது.

நம் தோட்டத்துத் தேயிலையை ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஒரு சங்கத்துக் கடை விற்கிறதாம். கடை திறந்து இருபத்தைந்து வருசம். அந்த விழாவுக்குக் கொழுந்து பறிக்கிற ஒருத்தர் வர வேண்டும் என்று டிக்கட் அனுப்பியிருக்கிறார்கள். தொரையும் வருகிறார். தொழிலாளர் கமிட்டிப் பொம்பளைகளில் நன்றாக வாசிக்கிறவள் நான் என்று ஏப்ரலிலேயே பதுளைக்குக் கூட்டிப் போய்ப் படம் பிடித்தார்கள். சும்மா என்றுதான் நினைத்திருந்தேன்.

"அங்க நல்லதா பேசணும் ஜெயா. மலை வெடிச்ச கதை எல்லாம் வேணாம். சரியா?"

"சரிங்க தொரை."

மலை வெடித்த கதை: நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், போன வருச மழைக்கு நிலம் நீளமாக வெடித்தது. என் கை முழங்கை வரை உள்ளே போகும். கீழே ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குடும்பம். ஏழாவது எங்களுடையது. ஆபீஸ் ஆட்கள் வந்து மண் போட்டு மூடினார்கள். இந்த வருசம் மறுபடி திறந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் அழகையா சொன்னது: "வாய மூடிக்கிட்டு ஊரப் பாத்துட்டு வா. தேயில அரைக்கிற ஸ்டோர்ல எனக்கும் வேல இருக்கணும்." மகள் தயானிக்குச் சந்தோசம். லுணுகலை டவுனுக்குப் போய் என் காலுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்கிறாள்.

செப்டெம்பர் 21

பிளேனில். மேகத்துக்கு மேலே வெயில் அடிக்கிறது. மழைக்காலம் முழுக்க இது இங்கேயேதான் இருந்திருக்கிறது.

செப்டெம்பர் 22

வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெயர் வெர்த்தைம். நாக்கு சுளுக்குகிறது.

எனக்காக மொழிபெயர்க்க யோகம்மா என்று ஒருவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதினெட்டு வருசமாக இங்கே இருக்கிறார். "வாங்கோ அக்கா, குளிருதோ?" என்று தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். தொரைக்கு ஹோட்டல். எனக்கு எல்ஸ்பெத் அம்மா வீடு. ரிட்டயரான டீச்சர், தனியாக இருக்கிறார்.

இந்த ஊரை எப்படி எழுதுவது? இரண்டு ஆறு. சின்னது வந்து பெரியதில் சேர்கிற மூலையில் ஊர். மேலே சிவப்புக் கல்லில் இடிந்த கோட்டை. கூரை இல்லை, சுவரும் ஜன்னலும் மட்டும். ஜன்னல் வழியாக வானம் தெரிகிறது. வீடுகள் ஒல்லியாக, ஒன்றை ஒன்று தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மரச் சட்டம். நானூறு வருச வீடாம் ஒன்று. அதில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்து மெத்தையை உதறினாள்! நானூறு வருச வீட்டில் மெத்தை உதறுகிறார்கள்.

எங்கள் லயம் வெள்ளைக்காரன் கட்டியது, நூறு வருசம்கூட முழுதாக ஆகியிருக்காது.

செப்டெம்பர் 23

இன்று பார்த்ததை மறக்க மாட்டேன்.

ஆற்றோரம் ஒரு கட்டடத்துச் சுவர். கல்லில் கோடு கோடாக வெட்டி, பக்கத்தில் வருசம் போட்டிருக்கிறது. நான் ஏதோ கணக்கு என்று நினைத்தேன். யோகம்மா சொன்னார், "அதெல்லாம் வெள்ளம் அக்கா. ஒவ்வொரு வருசமும் தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வந்ததெண்டு வெட்டி வைச்சிருக்கினம்." 1784 என்ற கோட்டை எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். கை போகவில்லை. என் தலைக்கு மேலே தண்ணீர் நின்றிருக்கிறது. ஆறோ இப்போது கீழே, வாத்துகளோடு, ஒன்றும் தெரியாத மாதிரி ஓடுகிறது.

"அப்ப ஏன் இன்னும் இங்கேயே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். எல்ஸ்பெத் அம்மா சிரித்தார். தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். சாமானை எல்லாரும் சேர்ந்து மாடிக்கு ஏற்றுவார்களாம். தெருவில் பலகையில் பாதை போடுவார்களாம். தண்ணீர் இறங்கியதும் சேற்றைக் கழுவிக் கடையைத் திறப்பார்களாம். அவர் வீட்டுக் கீழ் அறையில் கரண்ட் பிளக் எல்லாம் என் தோள் உயரத்தில் இருக்கிறது. காலையில் பார்த்து, பிழையாகப் பொருத்திவிட்டார்கள் என்று நினைத்தேன்!

அந்தச் சுவரை விட்டு வர முடியவில்லை. தங்களுக்கு வந்த கெடுதலை இவர்கள் யாருக்கும் மறைக்கவில்லை. ஊருக்கு வருகிற எல்லாரும் பார்க்கிற இடத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் மண் போட்டு மூடினோம்.

செப்டெம்பர் 25

திராட்சை மலைக்குக் கூட்டிப் போனார்கள். நம் மலை மாதிரியே சரிவு, நிரை நிரையாகக் கொடி. சின்னக் கத்திரிக்கோல் கொடுத்தார்கள். பத்து நிமிசத்தில் கை பழகிவிட்டது. பக்கத்து நிரைக்காரி என் கையையே பார்த்துவிட்டு ஏதோ கத்தினாள். "மெசின் மாதிரி எண்டு சொல்லுறா" என்றார் யோகம்மா.

என் எதிர் நிரையில் ஒரு கிழிந்த சட்டைக்காரர், முழங்கை வரை சாறு. மத்தியானம்தான் தெரிந்தது, அவர்தான் தோட்டத்துக்காரர். மரத்தடியில் நீள மேசை. அவரே எல்லாருக்கும் சூப் ஊற்றினார். தொரைக்கும் எனக்கும் எதிர் எதிரே இடம். நான் பதினைந்து வயதில் பேர் பதிந்தவள், இருபத்தாறு வருசமாகக் கொழுந்து பறிக்கிறேன். ஒரு தொரை சாப்பிடுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். அவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ரொட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

செப்டெம்பர் 27

நாளைக்குக் கூட்டம். தொரை எழுதிக் கொடுத்த தாளை மூன்று தடவை வாசித்தேன். பொய் ஒன்றும் இல்லை. இவர்கள் காசில், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகப் பிள்ளைக்காம்பரா கட்டியது உண்மை. தண்ணீர்க் குழாய் வந்தது உண்மை. எழுதாமல் விட்டதுதான் ஒன்று இருக்கிறது.

செப்டெம்பர் 28

சொல்லிட்டேன்.

ஒழுங்கா எழுதப் பாக்கிறேன்.

சர்ச்சுக்குப் பக்கத்து மண்டபம். நூறு பேர் இருப்பார்கள். தாளை வாசித்தேன், யோகம்மா ஜெர்மனில் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஒரு தாத்தா எழுந்து கேட்டார்: "எங்கள் சுவரைப் பார்த்தீர்களாம். உங்கள் வீட்டுக்கும் வெள்ளம் வருமா?"

வராது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தொரை முன் வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியும். எனக்கு என் காம்பரா ஞாபகம் வந்தது. தயானி படுக்கிற இடம் பின்சுவர் ஓரம், மலைப் பக்கம்.

"தண்ணி வராதுங்க. எங்களுக்கு மலைதான் வரும்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வெடிப்பு, முழங்கை, மண் போட்டு மூடியது, பன்னிரண்டு குடும்பம், மழை பெய்தால் ஆம்பளைகள் வாசலில் உட்கார்ந்து காவல் இருப்பது எல்லாம்.

யோகம்மா குனிந்தார். என் காதில் மெதுவாகக் கேட்டார். "அக்கா, உங்கட தொரை இருக்கிறார். இதை அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்படியே சொல்லுங்க."

சொன்னார். ஒருத்தரும் கை தட்டவில்லை. அந்தத் தாத்தா உட்காராமல் நின்றபடியே இருந்தார். நான் தொரையைப் பார்க்கவில்லை.

செய்தது சரியா? அழகையாவுக்கு ஸ்டோர்ல வேல போயிட்டா? தோட்டத்த விட்டே போகச் சொன்னா எங்க போறது?

செப்டெம்பர் 29

காலையில் ஆற்றுப் பாலத்தில் தொரை தனியாக நின்றார். திரும்பிப் போகலாம் என்று பார்த்தேன். கூப்பிட்டுவிட்டார்.

"ஏன் சொன்னே?"

"கேட்டாங்க தொரை. இது வரைக்கும் யாரும் கேக்கலீங்க."

தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த வெடிப்பப் பத்தி நான் கொழும்பு கம்பெனிக்கு மூணு கடுதாசி போட்டேன். பதில் இல்ல. நாலாவது போட பயம். எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார்.

இவ்வளவு நாளும் இவர் பயப்படுவார் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு நீளக் கப்பல் பாலத்துக்கு அடியில் போனது. அதன் மேல்தட்டில் துணி காய்ந்தது. இரண்டு பேரும் அது வளைவில் மறையும் மட்டும் பார்த்தோம்.

ஒக்டோபர் 3

வீடு. ஆளுக்கு ஒரு சொக்லட். லயமே என்னைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டது. நானூறு வருச வீட்டை யாரும் நம்பவில்லை. கூட்டத்தில் பேசியதைச் சொல்லவில்லை.

வெடிப்பு மூன்று விரல் அகலம் கூடியிருக்கிறது.

ஒக்டோபர் 15

முந்தாநாள் கொழும்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கமிட்டியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா பெரியாயி குழாயடியில் வைத்து, "வெளிநாட்டுல போயி நம்ம சோத்துல மண்ணப் போட்டுட்டியே" என்றாள். அழகையா இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஒக்டோபர் 18

அழகையா பேசினார். "நல்லாத்தான் சொல்லியிருக்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

நவம்பர் 4

வெர்த்தைம்காரர்கள் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்கள், இருநூற்றுச் சொச்சம் கையெழுத்தோடு. தொரையும் நாலாவது கடிதம் போட்டாராம், பதுளை அரசாங்க ஆபீஸுக்கும் ஒரு பிரதி. இன்று நிலம் பார்க்கிற அதிகாரிகள் வந்து ஆணி அடித்து அளந்தார்கள். அதில் பெரியவர், "இங்க இனி ஒரு நாளும் இருக்கக் கூடாது" என்று சிங்களத்தில் சொன்னது எல்லாருக்கும் விளங்கியது.

நவம்பர் 6

பழைய ஸ்டோரைத் திறந்து பன்னிரண்டு குடும்பத்துக்கும் சாக்கு கட்டிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இருமினால் எல்லாருக்கும் கேட்கிறது. பெரியாயி மட்டும் வரமாட்டேன் என்று நின்றாள். "மாட்ட எங்க கட்டுறது தொரை?" "மாட்டையும் கூட்டிட்டு வா!" என்று தொரை கத்தினார். இப்போது மாடும் எங்களோடுதான்.

டிசம்பர் 14

நாலு நாள் விடாத மழை. வேலை இல்லை. காலை ஒன்பதரைக்கு ஒரு சத்தம். இடி இல்லை, லொறி கல் கொட்டுகிற மாதிரி, நிற்காமல். ஓடிப்போய்ப் பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. சிவப்பு மண்ணும், வேரோடு தேயிலையும், ஒரு தகரமும். அவ்வளவு பெரிய மலை அவ்வளவு சுளுவாக இறங்கிவிட்டது. பெரியாயி என் கையைப் பிடித்தாள்.

தொரை மழையில் நனைந்து ஓடி வந்தார். எங்கள் எல்லாரையும் ஸ்டோர் வாசலில் நிற்க வைத்து, பேர் எழுதுகிற கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வேலைக்காரர் பேர் மட்டும்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கிழவர், பிள்ளைகள், எல்லாரும். ஒவ்வொருத்தரும் "இருக்கேங்க" என்றார்கள். தயானி சொன்னபோது அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு பேர். கொப்பியை மூடப் போனார். எங்கள் லயத்துக் கிருஷ்ணராஜின் பெண்சாதி முன்னால் வந்தாள், மாரில் துணி சுற்றிய பிள்ளையோடு. "இதையும் எழுதிக்குங்க தொரை. பொறந்து எட்டு நாள். இன்னும் பேரு வைக்கல."

தொரை மறுபடி கொப்பியைத் திறந்தார். எழுத்து நனைந்து பரவியது. ஐம்பத்து மூன்று என்று போட்டார்.