பங்குனியில் உறங்கும் காற்று

பெய்ய வேண்டிய மழை பெய்வதாக. முளைத்தவை யாவும் தழைப்பனவாக. நாரைக்கொடி உயர்த்திய தண்கானல் நாட்டின் அரசி, எழினிமாதேவியார் திருவாய் மலர்ந்தபடி ஓலைநாயகம் உலோச்சன் எழுதுவது: முகில்மேட்டுக் கூற்றத் தலைவரும் மலைக்காவலருமான அள்ளன் விக்கியண்ணர் காண்க. உம் மக்களும் கன்றுகாலிகளும் நலமா என்று முதற்கண் கேட்கச் சொன்னார் தேவியார். கேட்டாயிற்று. இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் சங்கடமானது.

உம் ஊர் ஆழ்கிணறுகளில் நீர் இறைக்கும் நீராவிப் பொறிகள் விறகு தின்று தின்று மேற்குக் காட்டை மொட்டையாக்கிவிட்டன என்றும், காடு போனால் கிணறும் போகும் என்றும் நீர் முறையிட்டீர். விறகுக்கு மாற்றாகக் காற்றாடியா, ஓடையில் நீர்ச்சக்கரமா, வெண்கலத் தகடுகளால் வெயிலைக் குவித்துக் கொதிகலனைச் சூடாக்குவதா என்று ஆராயும் பொறுப்பு அமைச்சர் காரிநம்பியிடம் வந்தது. அவர் வழக்கப்படி ஆடியில் அவையை முகில்மேட்டில் கூட்டினார். ஆண்டு முழுதும் பயன் தருமா, நிலத்தைக் கெடுக்குமா, பழுதானால் ஊராரே சீர்செய்வரா என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பானை வைத்து, எது பெரிது எது சிறிது என்பதற்கேற்பப் புளியங்கொட்டை இடச் செய்தார். பிறகு மூன்று வழிகளையும் அத்தேவைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு மதிப்பிட்டார். கணக்கில் பிசகில்லை, இன்றும் இல்லை.

ஆடிக் காற்று அவையோரின் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு ஓடியது. வானம் மூடிக் கிடந்ததால் தகடுகள் வெறுமனே கிடந்தன. காற்றாடியே வென்றது. பங்குனியில் அம்மேட்டில் இலைகூட அசையாது என்று நீர் எழுந்து சொன்னீர். அவையோர் தம் கண்ணால் கண்டதற்கே கொட்டை இடவேண்டும், கேட்டதற்கு இடலாகாது என்பது நம் நாட்டு மரபு ஆயிற்றே. உம் சொல்லை வெறும் கேள்விப்பட்ட செய்தி என்று தள்ளிவிட்டார் காரிநம்பி. நம் அவை ஆடியில் அன்றி வேறு மாதத்தில் எந்தக் காலத்திலும் கூடியதில்லை என்பது அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இவ்வோலை எழுதுபவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

பங்குனியில் அடிக்கல் நாட்ட வந்த காரிநம்பி, சோதனைக்காக எழுப்பியிருந்த காற்றாடியின் கீழே நின்றார். அது அசையவில்லை. இப்போது அசையும், இதோ அசையும் என்று பொழுது சாயும் வரை அங்கேயே நின்றார். தொட்டியோரம் வெறுங்குடத்துடன் காத்திருந்த நக்கை என்னும் பெண், ஐயா, அது சித்திரை முடியுமட்டும் இப்படித்தான் தூங்கும், நீங்க வந்து ஒரு வாய் சாப்பிடுங்க என்று அழைத்தாளாம். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று காரிநம்பி பின்னர் தேவியாரிடம் சொன்னார். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தாம் அளித்த முடிவைத் தாமே திரும்பப் பெறும் அமைச்சர் பதவி துறக்க வேண்டும் என்பது சட்டம். தலைநகரில் அவருடைய நண்பர்கள், ஆடி வரட்டும், காற்று வந்துவிடும், யார் கேட்கப்போகிறார்கள், பேசாமல் இரும் என்று எடுத்துரைத்தார்கள். கோடைதோறும் அந்த ஊர் தண்ணீரின்றிக் கிடந்தால் என் பதவியையா கரைத்துக் குடிக்கும் என்று கேட்டுவிட்டு, அவர் நேரே அரண்மனைக்கு வந்தார்.  ஒன்றையும் மறைக்கவில்லை.

ஆகவேதான் அவையை அந்தப் பங்குனி வெயிலிலேயே மீண்டும் உம் ஊருக்கு அழைத்துவந்தோம். வழியெல்லாம் முணுமுணுத்தார்கள், எழுதுபவனும் முணுமுணுத்தான், உச்சந்தலை வெந்துபோயிற்று. இம்முறை ஊராரின் சொல்லும் கண்ட சாட்சியாகவே கொள்ளப்பட்டது. எது ஒன்று சிறந்தது என்று கேட்டதே பிழை, எம்மாதத்துக்கு எது என்று கேட்டிருக்க வேண்டும் என்று காரிநம்பியே அவையில் சொன்னார். அதன்படிக் கொட்டைகளை எண்ணியதில் எந்த ஒரு வழியும் தனித்து வெல்லவில்லை; மூன்றுக்கும் இடம் இருந்தது.

எனவே தேவியார் ஆணை இது. கோடையில் வெண்கலத் தகடுகளும், ஆடியில் காற்றாடியும், ஓடை பெருகும் அடைமழைக் காலத்தில் நீர்ச்சக்கரமும் உம் தொட்டியை நிரப்பக் கடவன. தகடுகள் இவ்வோலையோடு வண்டியில் வருகின்றன. அவை பொருத்தப்பட்ட நாள்முதல் மேற்குக் காட்டில் விறகுக்குக் கோடரி விழலாகாது. உம் சொல்லைத் தள்ளியது அரசின் பிழை; அதற்காகத் தேவியார் வருந்துகிறார்.

சட்டப்படி காரிநம்பியின் பதவித் துறப்பும் ஏற்கப்பட்டது. தேவியார் அதற்கு ஒப்பமிடுகையில் கண் கலங்கினார். நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம். இனி எங்கே போவீர் என்று தேவியார் கேட்டதற்கு, முகில்மேட்டில் ஒரு குடிசை கிடைத்தால் போதும், தகடுகளை யாராவது நாள்தோறும் துடைக்க வேண்டுமே என்றார். இவ்வோலையைக் கொண்டுவந்து உம் வாசலில் நிற்பவர் அவரே. பட்டமும் பரிவட்டமும் அவருக்கு இனி இல்லை. மேடேறி வந்த களைப்பில் தண்ணீர் கேட்பார். இன்றைக்கு உம் தொட்டியில் உள்ளது காட்டை எரித்து இறைத்த தண்ணீர்தான். அதை அவரிடம் சொல்லாமல் கொடும்.

நாரை முத்திரை இட்டோம். இவ்வண்ணமே செய்க.