எழுபத்தைந்து லிட்டர்

ஹேங்கர்,
செவ்வாய், காலை பதினொரு மணி.

அன்புள்ள அண்ணா,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்று ஒற்றைக் கோடுதான் போட்டேன். பந்தயப் பட்டியலில் என் பெயரை நீ அடித்தாயே, அதே மாதிரி.

கடைசி வரை படி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதியில் மடித்துவிடாதே. இந்த முறை கோபப்படுகிற உரிமை எனக்கு மட்டும்தான்.

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பா தினமும் கிளப் வரை நடந்து போய், உன் விமானத்தின் எண் பலகையில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறார். இரண்டாவது வரி. பல்வைத்தியரின் மஞ்சள் விமானத்துக்கு நான்கு நிமிடம் பின்னால். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், “பாத்துக்கிட்டே இருங்க, எம் பையன் அவரு பல்லப் புடுங்கிருவான்” என்று சொல்கிறாராம். அம்மா சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறாள். அதைச் சுற்றித்தான் தட்டு வைக்க வேண்டும். இன்று காலை நாலாவது நிறுத்தத்திலிருந்து ஐந்தாவதுக்கு விரலை நகர்த்தினாள். விரல் நீலத்தில் நின்றது. “இதுல என்னடி இருக்கு?” என்றாள். ஒண்ணுமில்லம்மா, தண்ணிதான் என்றேன்.

பிறகு இங்கே, விமானக் கொட்டகைக்கு வந்தேன். ஆணியில் மாட்டியிருந்த என் கம்பளிச் சட்டையை எடுக்க. வந்த இடத்தில் ஒன்றைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் கோபத்தை முதலில் இறக்கி வைக்காமல் அதைச் சொல்ல என்னால் முடியாது.

எடை போட்ட நாள். அந்த நீளக் கூடம். சிமென்ட் தரையில் இரும்பு எடைமேடை. இருபது விமானிகள் காகிதக் கோப்பையோடு நின்றார்கள். நான் ஏறினேன். முள் ஐம்பத்து நான்கில் நின்றது. நீ கணக்குப் போடுகிறவன் மாதிரி கண்ணை மூடித் திறந்தாய். “ஐம்பத்தி நாலு கிலோ. அப்படின்னா எந் தங்கச்சி சரியா எழுபத்தஞ்சு லிட்டர் பெட்ரோல்” என்றாய். கூடமே சிரித்தது. பல்வைத்தியருக்குக் காபி புரையேறியது. நானும் சிரித்தேன். இன்னும் ஆறாதது அதுதான்.

பிறகு அலுவலகக்காரரிடம் பேனா வாங்கினாய்.

நீ செய்ததன் அசிங்கம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. இந்தப் பந்தயமே அவர்களுக்குப் புரியவில்லை. முதலில் வந்து சேர்கிற விமானம் ஜெயிப்பதில்லை. ஒவ்வொரு கிழட்டு விமானத்துக்கும் அதன் வயதுக்கும் மூச்சுக்கும் தக்க ஒரு வேகத்தை முன்கூட்டிக் குறித்துக் கொடுப்பார்கள். தனக்குக் குறித்த வேகத்தை எது அதிகம் மிஞ்சுகிறதோ அதற்குக் கோப்பை. நம்முடையது இரண்டு ஆளை ஏற்றிப் பறந்து காட்டி வேகம் வாங்கியது. வாங்கிய பிறகு ஓர் ஆளை இறக்கிவிட்டாய். விதியில் தடையில்லை. தெரியும். விதியில் தடையில்லாத எத்தனையோ காரியங்களை மனிதர்கள் செய்யாமல் இருக்கிறார்கள்.

“நீ போட்டுக் குடுத்த கணக்கு இருக்கே, அது போதும். கணக்குக்கு எடை கிடையாது” என்றாய்.

எட்டு மாதம். எந்தத் திசையில் எவ்வளவு காற்று வந்தால் எந்த உயரம், எஞ்சினைக் கூட்டிக் குறைக்கிற விசைப்பிடி எந்தக் கோட்டில், மணிக்கு எத்தனை லிட்டர் என்று எட்டு மாதம் எழுதிய அட்டவணை. அதை உன் முகத்துக்கு நேராக ஒட்டிக்கொண்டாய். என் கையெழுத்து பறக்கிறது. நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது நான் பார்த்தது.

ஹேங்கர் காலி. தரையில் எண்ணெய்க் கறை, விமானம் நின்ற வடிவத்தில். மூலையில் வாலைத் தூக்கி நிறுத்துகிற முட்டு. சுவரில் சாக்பீஸில் என் எழுத்து: ‘வாலை இறக்கி மறுபடி.’

படித்த உடனே அந்த வாக்கியம் விளங்கவில்லை. விளங்கியதும் டாங்கியின் வரைபடத்தைத் தேடி எடுத்தேன்.

அண்ணா, பெட்ரோல் அளவுக்குச்சியில் கோடு தப்பு. போட்டது நான்.

உனக்கே தெரியும், டாங்கியின் அந்தக் கண்ணாடிக் காட்டி எவ்வளவு ஊற்றினாலும் பாதியில்தான் நிற்கும், சோம்பேறி. குச்சியை டாங்கிக்குள் விட்டுப் பார்ப்பதுதான் நமக்கு உண்மை. பழைய குச்சி உடைந்ததால் நான் புதிதாகச் செய்தேன். பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கோடு கீறினேன். அன்று வால்சக்கரம் கழற்றியிருந்தது. வால் முட்டின் மேல் இருந்தது. விமானம் மேஜை மாதிரி மட்டமாக நின்றது. தரையில் அது அப்படி நிற்பதில்லை. மூக்கைத் தூக்கி, வாலை ஊன்றி, நாய் உட்கார்ந்த மாதிரி நிற்கும். குச்சி விடுகிற துளை டாங்கியின் பின்பக்கம். சாய்த்த வாளியில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறுமே, அப்படிப் பெட்ரோல் பின்னால் ஏறிக் குச்சியில் அதிகமாகக் காட்டும். அதனால்தான் மறுநாள் வாலை இறக்கி மறுபடி அளக்க வேண்டும் என்று சுவரில் எழுதினேன்.

மறுநாள்தான் எடைமேடை. திரும்பி வந்ததும் குச்சியை என் இருக்கையில் வீசிவிட்டுப் போனேன். நீ அதை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘இது முடிஞ்சிருச்சா?’ என்று. நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயை என் கோபம் அடைத்தது. உன் வாயை எது அடைத்தது?

இதுவரை ஆபத்தில்லை. முதல் மூன்று நிறுத்தத்திலும் விளிம்பு வரை நிரப்பினாய். நாளைக்கு அப்படியில்லை. நாலாவது நிறுத்தத்தின் ஓடுபாதை குட்டை, முடிவில் மதில். இரண்டு பேரோடு அதைத் தாண்ட நூற்று முப்பது லிட்டர் மட்டும் என்று அட்டவணையில் எழுதியவள் நான்தான். நீ குச்சியை விடுவாய். எண்பது காட்டும். ஐம்பது ஊற்றச் சொல்வாய். உண்மையில் உள்ளே இருப்பது அறுபது. டாங்கியின் வரைபடத்தை வைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கோபத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வருகிறது. நூற்றுப் பத்தோடு நீ கடல் மேல் போவாய்.

நானூற்று முப்பது கிலோமீட்டர். எதிர்காற்று இருபது. நான் எழுதியபடி நிதானமாகப் போனால், டாங்கி துடைத்த மாதிரி கரை சேர்வாய். ஆனால் நீ நிதானமாகப் போக மாட்டாய். நான்கு நிமிடம் முன்னால் பல்வைத்தியர் இருக்கிறார். விசைப்பிடியைத் தள்ளுவாய். மணிக்கு முப்பத்தெட்டு லிட்டர் குடிக்கும். நூற்று முப்பதில் ஒன்பது லிட்டர் மிஞ்சும் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வாய். மிஞ்சாது. கரைக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது எஞ்சின் நிற்கும்.

அம்மாவின் விரல் நின்ற இடம்.

உன்னிடம் போன் இல்லை. பழைய விமானம், பழைய வழி என்று எல்லோருடையதையும் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கு ஓடினேன். நாலாவது நிறுத்தத்துக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றேன். “நீங்க டீம்ல இருக்கீங்களாம்மா?” என்று கேட்டார், உனக்குப் பேனா கொடுத்த அதே ஆள். இருந்தேன் என்றேன். பட்டியலைத் திருப்பி எனக்கே காட்டினார். “அப்ப நீங்க வெளியாளு. வெளியாளு யோசனை சொன்னா அந்த விமானத்தை அங்கேயே நிறுத்திருவோம். வீட்டுக் கடுதாசின்னா குடுங்க, அதை யாரும் பிரிக்க மாட்டாங்க” என்றார். பட்டியலில் நான் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். உன் ஒற்றைக் கோடு எவ்வளவு தூரம் நீள்கிறது பார்.

ஆகவே கடிதம். சாமான் விமானம் இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. அதை ஓட்டுகிற அக்கா உனக்கு முன்னால் அங்கே இருப்பார்.

செய்ய வேண்டியது இது. குச்சியைத் தொடாதே. விளிம்பு வரை நிரப்பு. வால் கீழே இருந்தாலும் நூற்றைம்பதுக்குக் குறையாது. மதிலைப் பற்றிக் கவலைப்படாதே. அட்டவணையை விட இருபது லிட்டர்தான் கூடுதல், பதினைந்து கிலோகூட வராது. என் இருக்கை காலி. நான் உட்கார வேண்டிய எடையில் கால்வாசிதான் அது. அதன்பிறகு விசைப்பிடியை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளு. மூன்று மணி நேரம் பதினொரு நிமிடத்தில் கரை சேர்வாய். முக்கால் மணி நேரத்துக்குப் பெட்ரோல் மிச்சமும் இருக்கும். பல்வைத்தியரை நான் சொல்லித்தான் நீ முந்தப் போகிறாய் என்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இன்னொன்று. அக்காவிடம் இரண்டு உறை கொடுத்தனுப்புகிறேன். இரண்டாவது, அங்கே பந்தய நேரம் குறிக்கிற நேரக் கணக்கருக்கு. ஒரே வரி: இந்த விமானத்தின் அளவுக்குச்சி தவறு, கோடு போட்டவள் நான், பறக்க விடாதீர்கள். அது பிரிந்தால் உன் பந்தயம் அங்கேயே முடியும்.

நாளைக் காலை ஆறரைக்குள் குச்சியை ஒடித்து ஒரு பாதியை அக்கா கையில் கொடு. கொடுத்தால் கடிதத்தைப் படித்துவிட்டாய் என்று அர்த்தம். இரண்டாவது உறையைக் கிழித்துவிடுவார். கொடுக்காவிட்டால் அதை நேரக் கணக்கரிடம் சேர்த்துவிடுவார். “ரெண்டுலயும் என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாம்மா. குச்சி வந்தா கிழிக்கணும், வரலைன்னா குடுக்கணும், அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான் என்றேன்.

மிரட்டல் என்பாய். ஆமாம். உறை பிரிந்தால் ஆயுசுக்கும் என்னோடு பேச மாட்டாய். சரி. பேசாமல் இருப்பதற்காவது நீ இருக்க வேண்டும்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. வரைபடத்தை மடிக்கவும் இல்லை. நாளை மதியம் அவள் விரலை அந்தப் பக்கக் கரையில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஒடித்துவிடு, அண்ணா. முழங்காலில் வைத்து ஓர் அழுத்து. மெல்லிய குச்சிதான்.

இப்படிக்கு,
எழுபத்தைந்து லிட்டர்