மீசையும் ஐந்தாவது பூரண எண்ணும்

1936 பிப்ரவரி 3, அம்பத்தூர்

மூர் மார்க்கெட்டில் வாங்கின பழைய கணக்குப் புத்தகத்தில் பூரண எண் என்று ஒன்று. ஆறை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் அதே ஆறு! அடுத்தது 28. பிறகு 496, 8128. ஐந்தாவது எது? அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும்போதுகூட அதே நினைப்பு.

பிப்ரவரி 5

வழி கிடைத்தது. 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எதிலும் வகுபடாத பகா எண்ணாக வந்தால், அதைக் கடைசி எண்ணால் பெருக்கு. 1+2+4 ஏழு; ஏழை நான்கால் பெருக்க இருபத்தெட்டு. அடடா!

பிப்ரவரி 8

பிடித்துவிட்டேன்! 1024 வரை கூட்டினால் 2047. எதிலும் வகுபடவில்லை. பெருக்கினால் 20,96,128.

ஸ்டேஷனில் குதிக்காத குறை. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பரந்தாமன், "இன்னா சாரே, கிண்டியில குதிர கெலிச்சுதா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். தப்பாக இருந்தால் மீசையை எடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

"பாத்து நைனா, அடுத்த வாரம் மாங்காட்ல பொண்ணு பாக்கப் போறே."

பிப்ரவரி 13

23 × 89 = 2047.

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு இருபதோடு நின்றது. நானும் அங்கேயே நின்றுவிட்டேன். மடையன்! மடையன்!

பிப்ரவரி 14

யாருக்குத் தெரியப்போகிறது? அம்பத்தூரில் எவன் வகுத்துப் பார்க்கப்போகிறான்? பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னால் ஆகாதா?

ஆனால் எனக்குத் தெரியுமே.

பிப்ரவரி 15

எடுத்துவிட்டேன். பரந்தாமன் பதறிப்போனான் — "அய்யே, நீ தமாசுக்குச் சொல்றேன்னு பாத்தா நெசமாவே எட்த்துட்டியே!" அப்பாதான் வீடே அதிரக் கத்தினார். "நான் இன்னும் உசுரோடதான்டா கீறேன்!"

பிப்ரவரி 16

மாங்காடு. பெண் பெயர் வடிவு. எட்டாவது வரை படித்தவள். அவள் அப்பா லோகநாதன் என் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்ல எதுனா சாவா?" அப்பா பக்கத்திலேயே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்!

மறைத்து என்ன பயன்? ஆறிலிருந்து வாய்ப்பாடு வரை எல்லாம் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. பிறகு அவள் குரல்: "அப்ப அஞ்சாவது எது?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. 4096 வரை கூட்டினால் 8191; 61 வரை வகுத்தாயிற்று, எதிலும் போகவில்லை; 89 வரை பார்த்தால் போதும், இன்னும் ஆறு பகா எண்கள்தான் பாக்கி என்றேன். அந்த 89-ஐத் தொடத்தான் பயம், போன தடவை கவிழ்த்ததில் அதற்கும் பங்குண்டு என்பதையும் உளறிவிட்டேன்.

"யோசிச்சு சொல்றோம்" என்றார் லோகநாதன். போச்சு. என்ன அழகாகச் சிரித்தாள்!

பிப்ரவரி 18

ஒரு தகவலும் இல்லை. 8191-ஐத் தொடவும் மனசில்லை.

பிப்ரவரி 21

லோகநாதன் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்! வெற்றிலை பாக்கோடு ஒரு காகிதத்தையும் நீட்டினார். "அஞ்சு நாளா இத்தையே போட்டுக்கினு கீது. இனிமே நீங்களே பாத்துக்குங்க மாப்ளே."

மாப்ளே!

பென்சிலில் ஆறு வகுத்தல்கள். 67, 71, 73, 79, 83 — ஒன்றும் போகவில்லை. கடைசியில் 89: ஈவு 92, மீதி 3. பெருக்கியும் வைத்திருக்கிறாள்: 3,35,50,336. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி.

"இனி மீசை வளர்க்கலாம்."

பிப்ரவரி 22

கல்யாணம் சித்திரையில். அதற்குள் முளைத்துவிடும்.