மூச்சுக்காற்றில் எழும்பிய பலகை

நம் பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உன்னைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்க மருமகள் ஒருத்தியால் முடிகிறதா? எனக்கு அதே கவலைதான்.

நேற்று வெலவெலத்துப் போனேன், பயப்படாதே. காற்றுக்கு எவ்வளவு பலம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, பள்ளிக்கூட மேசையில் காலி பிளாஸ்டிக் பைகளைப் பரப்பி, மேலே பலகை போட்டு, "வாட்ச்மேன் தாத்தா, ஏறி உக்காருங்க" என்றார் டீச்சரம்மா. பைகளில் செருகிய குழாய்களில் நாலு பொடிசுகள் ஊதின. மூட்டை கணக்காக இருக்கிற நான், வெறும் வாய்க்காற்றில் மேலே எழும்பிவிட்டேன்! "ஐயோ, எறக்குங்கடா!" என்று கத்தினேன்.

உன் முதுகுக்கடியிலும் அப்படியொரு பையை வைத்து, பேரப்பிள்ளைகளை மெதுவாக ஊதச் சொல். பெரியவன் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். உட்கார முடிந்ததா என்று உடனே எழுதச் சொல்.

மணி அடித்துவிட்டது, இதை எழுதித் தரும் டீச்சரம்மா கிளம்புகிறார். பயமாக இருந்தால் நன்றாகக் கத்து. கேலி செய்ய நான்தான் பக்கத்தில் இல்லையே.