விட்டுக்கொடுத்த உயிர்கள்

மார்ச் 7, சனி

பல் கிளினிக்கில் காலை முழுக்க நாற்றமடித்த வாய்கள். அதைவிடக் குமட்டியது மத்தியானம் நடந்தது.

கேம் சென்டரில் வீடியோ கேம் போட்டி. வீட்டில் இவரை அடிக்கடி ஜெயிக்கிறேனே என்ற தைரியத்தில் பெயர் கொடுத்திருந்தேன். ஆளுக்கு மூன்று உயிர். எதிராளியை அடித்துத் திரைக்கு வெளியே பறக்கவிட வேண்டும். முதல் ஆட்டத்திலேயே தாடி (இவருடைய நண்பன்) என் மூன்று உயிரையும் உருவிவிட்டான். நான் அடித்த ஒரு அடிகூட அவனை வெளியே தள்ளவில்லை. வீட்டில் அதே அடிக்கு இவர் பஞ்சாகப் பறப்பார்.

“அடி வாங்கினதும் கன்ட்ரோலர் குச்சியைத் திருப்புங்க, சும்மா பறக்காதீங்க” என்றான் தாடி. “உங்க வீட்டுக்காரர்தானே எனக்கே சொல்லிக் கொடுத்தாரு.”

எனக்கு ஏன் சொல்லவில்லை?

மார்ச் 8, ஞாயிறு

இவர் வெளியே போனதும் பழைய ஆட்டங்களின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். யார் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்று மூலையில் அம்புக்குறி காட்டும்.

குச்சி அடியின் வேகத்தைக் குறைக்காது. பறக்கும் கோணத்தைக் கொஞ்சம் வளைக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் அடிபட்டால் உள்பக்கமாக, அதாவது திரை நடுவில் நாம் நின்று சண்டை போடும் மேடைப் பக்கமாக, மேலே தள்ள வேண்டும். பாதை மேல் மூலைக்கு வளையும், திரை விளிம்புக்குத் தூரம் கூடும், உயிர் தப்பும். தாடியோடு ஆடும்போது இவருடைய அம்பு அப்படித்தான் நிற்கிறது. என்னோடு? கடைசி அடி விழும்போதெல்லாம் வெளிப்பக்கம், கீழே. தானாகவே போய் விழுந்திருக்கிறார்.

நான் சோபாவில் ஏறிக் குதித்ததை நினைத்தால் — சீ.

இவர் வந்ததும் கேட்டேன்.

“நீ சந்தோஷமாத்தானே இருந்தே. அதுல என்ன குத்தம்?”

“நான் என்ன கைக்குழந்தையா?”

“விளையாட்டுதானேம்மா.”

அந்த ‘ம்மா’வில் உடம்பே கூசிப்போனது.

மார்ச் 10

நாத்தனார் போன். “விட்டுக்கொடுக்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி?” ஆக, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எனக்குத் தெரியாமல் எனக்கு விட்டுக்கொடுத்தவர், நல்ல பெயரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 15

இவரோடு ஆடுவதில்லை. கிளினிக் முடிந்து சென்டருக்குப் போகிறேன். தாடி இரக்கமே இல்லாமல் அடிக்கிறான். நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 28

இப்போதெல்லாம் யோசிப்பதற்குள் கை திரும்பிவிடுகிறது. இன்று செத்திருக்க வேண்டிய அடியில் மூலையை உரசிக்கொண்டு திரும்பி வந்தேன். இன்னொன்றும் பிடிபட்டது: எப்போதும் உள்பக்கமே திருப்புகிறவன் எங்கே வந்து விழுவான் என்று முன்னாடியே தெரிந்துவிடும். அங்கே போய் நின்றால் போதும்.

ஏப்ரல் 5

“வா, ஒரு ஆட்டம்” என்றார். “விட்டீங்கன்னா எழுந்து போயிடுவேன்” என்றேன். விடவில்லை. துவைத்து எடுத்துவிட்டார். தோற்றதில் வருத்தமில்லை. ஜெயித்த பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் சகிக்க முடியவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். இரண்டு பேருக்கும் கடைசி உயிர். இவர் உள்பக்கம் திருப்பினார், வந்து விழும் இடத்தில் நான் நின்றேன்.

முதலில் சிரித்தார். பிறகு குச்சி சரியாக வேலை செய்யவில்லை என்றார். டிவி தாமதமாகக் காட்டுகிறதாம். “தாடிகிட்ட போய் என்னோட ஆட்டத்தையெல்லாம் கத்துக்கிட்டு வந்திருக்கே” என்று கன்ட்ரோலரை சோபாவில் எறிந்துவிட்டு எழுந்து போனார். இத்தனை மாதம் எனக்காகத் தோற்ற மனுஷன் இவர்தானா?

தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி சாப்பிடும்போது வந்து நின்றார்.

“இன்னொரு ஆட்டம்.”

‘ம்மா’ இல்லை. முகம் சிவந்திருந்தது.

“சாப்பிட்டு வரேன், இருங்க” என்றேன்.