வால் முளைத்த சிவப்புப் புள்ளி

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மஞ்சு, மலை முழுக்கப் பனிமூட்டம். கையுறை நேற்று நனைந்தது, இன்னும் காயவில்லை.

மஞ்சூருக்கு மேலே எஸ்டேட். காட்டுமாடு, ஆண், நல்ல பெரியது. முன் இடது காலில் கம்பிச் சுருக்கு. பைக்கின் கிளட்ச் கம்பி. காட்டுப்பன்றிக்கு என்று எவனோ வைத்தது. அந்தக் காலைத் தரையில் வைப்பதே இல்லை. முழங்காலுக்குக் கீழே பூசணிக்காய் அளவுக்கு வீக்கம்.

துப்பாக்கியில் மயக்க ஊசி போட்டேன். தப்பிவிட்டது.

எழுதவே கூசுகிறது. முப்பது மீட்டர்தான். பக்கவாட்டில் அசையாமல் நின்றது. பின்தொடைக்குக் குறி வைத்தேன், ஊசி முதுகுக்கு மேலே பறந்து புதருக்குள் போனது. சத்தம் கேட்டு மாடு எங்கள் பக்கம் திரும்பியது. மூன்று காலில் இவ்வளவு வேகம் வரும் என்று யார் நினைத்தார்கள்? காவலர் ராஜன் என் சட்டைக் காலரைப் பிடித்து சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் இழுத்தார். மாடு பத்தடி தள்ளி நின்று சீறியது. அப்புறம் என்ன தோன்றியதோ, சோலைக்குள் போய்விட்டது. ராஜன் கையில் ஒரு மூங்கில் தடி. அவ்வளவுதான்.

"இன்னொண்ணு போடலாங்களா டாக்டர்?"

"வேண்டாம் ராஜன்."

"மஞ்சுங்க. இந்த மஞ்சுல யாரு சுட்டாலும் இப்படித்தான்."

டிரைவரும் ஆமாம் போட்டார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த நிமிடம் மாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாதது புள்ளி. துப்பாக்கி மேல் சின்னக் கண்ணாடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி, புள்ளி எங்கேயோ ஊசி அங்கே, இதுதான் வாங்கும்போது சொன்னது. எனக்குப் புள்ளியா தெரிந்தது? வால் முளைத்துக் கீழே இழுபட்டுக் கிடந்தது. எந்த முனையை நம்புவது?

மூக்குக் கண்ணாடியை வழக்கம்போல் கழற்றிப் பையில் வைத்திருந்தேன். மூச்சு விட்டாலே ஆவி படிகிறது, அதைப் போட்டுக்கொண்டு குறி பார்ப்பது எப்படி? மஞ்சு என்பதால் புள்ளியின் வெளிச்சத்தையும் முழுசாக ஏற்றியிருந்தேன். இந்த மலையில் எல்லாரும் செய்வதுதான்.

வாங்க: பால், பேட்டரி, பிளாஸ்க்குக்கு மூடி.

நவம்பர் 11, செவ்வாய்

சுள்ளென்று வெயில். மஞ்சின் மேல் பழி போட முடியாத நாள்.

ஆபீஸ் பின்புறம் அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தேன். வால் அப்படியே. புள்ளிக் கருவிதான் கெட்டுவிட்டது என்று மனதார வேண்டிக்கொண்டேன். கல்லூரித் தோழி நிஷாவுக்கு போன். அவளும் வனத்துறைக் கால்நடை டாக்டர், இப்போது வேறு மாவட்டம்.

"துப்பாக்கியைப் படுக்க வச்சுப் பாரு. வாலும் சேர்ந்து திரும்பினா கருவிக் கோளாறு. திரும்புதா?"

"இல்லடி. வால் கீழேயேதான் இருக்கு."

"அப்ப போன்ல படம் எடு."

எடுத்தேன். படத்தில் குண்டூசித் தலை மாதிரி சுத்தமான புள்ளி. போனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

மதியம் ஊட்டி சேரிங் கிராஸ் கண்ணாடிக் கடை.

"சிலிண்டர் பவர் நல்லா ஏறியிருக்குங்க டாக்டர். முன்னாடி கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. கருவிழி உருண்டையா இல்லாம ஒரு பக்கமா வளைஞ்சிருக்குது. வெளிச்சப் புள்ளி எதைப் பார்த்தாலும் இழுத்துக்கிட்டுத்தான் தெரியும்."

"புதுக் கண்ணாடி எப்பக் கிடைக்கும்?"

"லென்ஸ் கோயமுத்தூர்ல இருந்து வரணுங்க. அடுத்த வாரம்."

"கொஞ்சம் அவசரமுங்க."

"அவசரம்னு போட்டாத்தானுங்க அடுத்த வாரம்."

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. ஜீப்பில் உட்கார்ந்து இரண்டையும் முடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ரேஞ்சரிடம் வேறு டாக்டரைக் கேட்டேன். எல்லாரும் யானை வேலையில். வர அடுத்த வாரம் ஆகுமாம். எல்லாமே அடுத்த வாரம். அந்தக் கால் அதுவரை தாங்காது. கம்பி ரத்தத்தை நிறுத்திவிட்டால் குளம்பு செத்துவிடும். அவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு இந்தச் சரிவில் மூன்று காலில் எத்தனை நாள் பிழைக்கும்? நான்தான் போட வேண்டும்.

ராத்திரி பிரபு: "கண்ணாடி போட்டா வயசான மாதிரி இருக்குன்னு நீதானே சொன்னே?"

வீட்டுக்காரர் என்று பார்க்காமல் ஒரு முறை முறைத்தேன். தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார்.

நவம்பர் 12, புதன்

தூறல், பிறகு வெயில். கையில் இருப்பவை:

சிவப்புப் புள்ளி. வெளிச்சத்தைக் குறைத்தால் வாலும் சுருங்குகிறது. ஆனால் வெயிலில் புள்ளியே காணாமல் போகிறது.

துப்பாக்கியோடு வந்த தொலைநோக்கிக் குழல். ஸ்டோரில் டப்பாவோடு கிடந்தது. ஆசையாக எடுத்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி முழுக்கப் பூஞ்சை, கோலம் போட்ட மாதிரி. ஊட்டி ஈரத்தில் வேறென்ன ஆகும்? அப்படியே திரும்ப வைத்தேன்.

ஓய்வு கொடுத்த பழைய துப்பாக்கியின் துளைக்குறி. பேட்டரி கிடையாது, விளக்கு கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் சின்ன வட்டத் துளை, குழல் நுனியில் ஒரு குறிமுள். துளை வழியாக முள்ளைப் பார்த்து, முள்ளை மாட்டின் மேல் வைக்க வேண்டும். இரண்டையும் கழற்றி நம் துப்பாக்கியில், புள்ளிக் கருவி இருந்த பள்ளத்திலும் குழல் நுனியிலும் மாட்டினேன், பொருந்தியது.

பார்த்தேன். நம்பவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். முள் கூர்மை, அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த எழுத்துகூடத் தெளிவு. நிஷா போனில் கத்துகிறாள்: "சின்ன ஓட்டை வழியாப் பார்த்தா கோணக் கண்ணும் நேராத் தெரியும்டி! படிச்சோமே, மறந்துட்டியா?" மறந்துதான் போனேன். மாட்டுக் கண்ணைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பயிற்சி ஊசிகள் எல்லாம் பெட்டியில் வரைந்து வைத்த தொடைக்குள்ளே. துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அட்டைப்பெட்டி வெளிர் நிறம், மாடு கருப்பு. பெட்டி மேல் கருப்புக் குடையை விரித்து வைத்தேன். கருப்பு முள் கருப்புக் குடையில் கரைந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அலமாரியைக் கவிழ்த்து நகப்பூச்சு தேடினேன். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளை. முள்ளின் நுனியில் ஒரு சொட்டு. இப்போது குடை மேல் பளிச்சென்று நிற்கிறது. ஆனாலும் துளை வெளிச்சம் கேட்கும், மர நிழலில் ஆகாது.

சாயங்காலம் ராஜனைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் பக்கத்தில் தடியோடு நிற்பவர். சொல்லாமல் கூட்டிப் போனால் நான் மனுஷியில்லை.

"அன்னைக்குத் தப்பினதுக்கு மஞ்சு காரணமில்லை ராஜன். என் கண்ணு சரியில்லை."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"மாடு எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்களே."

"அப்புறம் எதுக்கு மஞ்சுன்னீங்க?"

"டிரைவர் இருந்தாருங்க."

நாளைக்கு உங்களுக்குப் பதில் வேறு யாரையாவது பக்கத்தில் நிறுத்தவா என்று கேட்டேன்.

"ரெண்டாவது ஊசியைப் போடலீங்களே நீங்க. சந்தேகம்னா நிறுத்துவீங்க. அது போதுமுங்க எனக்கு."

நவம்பர் 13, வியாழன்

குளிர். புல்லெல்லாம் வெள்ளை.

ஆட்கள் கொழுந்து பறிக்க வருவதற்கு முன்பே முடிக்க வேண்டும் என்று ரேஞ்சர். விடியற்காலையிலேயே போனோம். மாடு சோலை ஓரத்தில் படுத்திருந்தது, எங்களைப் பார்த்து எழுந்தது. எழுவதற்கே பாடுபட்டது. தூரம் சரி, நின்ற விதம் சரி. துளைக்குள் பார்த்தால் இருட்டு. வெள்ளை நுனி மங்கலாக எங்கேயோ மிதந்தது.

"டாக்டர், முன்னாலயே நிக்குது. எதுக்குங்க காத்திருக்கீங்க?" ரேஞ்சர் காதருகே.

விரல் விசையில் இருந்தது. போட்டுவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது, ஒளிக்க மாட்டேன். எலும்பில் பட்டாலோ வயிற்றில் பட்டாலோ காப்பாற்ற வந்த நானே கொன்ற மாதிரி. ராஜன் என்னைப் பார்க்கவே இல்லை, மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கிவிட்டேன்.

ரேஞ்சர் வாட்சைப் பார்த்துவிட்டு ஜீப்புக்கு நடந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து மணிக்கு மேல் அது வெயில் காயத் தேயிலைக்குள் இறங்குகிறது, அந்த வெளிச்சத்தில்தான் எனக்குக் குறி தெரியும் என்றேன். அது பறிக்கிற நேரம். அந்தத் தேயிலைக் காட்டில் நாளை பறிப்பை நிறுத்த வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் சம்மதித்தார்கள், ஆட்களை வேறு காட்டுக்கு அனுப்புகிறார்களாம். அங்கே கொழுந்து குறைவு, கூலியும் குறையும். கூடையோடு நின்ற புஷ்பம் என்ற அம்மா நேராகவே கேட்டார்.

"எங்க வேலையைக் கெடுத்துப்போட்டு, நாளைக்கும் இதே மாதிரி பார்த்துட்டுப் போயிருவீங்களாம்மா? எங்க லயன் வீட்டுக்குப் பின்னாலதான் ராத்திரி வந்து நிக்குது. வலியில கத்துது. புள்ளைங்க தூங்க மாட்டேங்குதுங்க."

"நாளைக்குப் போட்டுருவேங்க," என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

சோறு இறங்கவில்லை. நாளை மஞ்சு இறங்கினால்? மேகம் வந்தால்? துளைக்குறியை நம்பியது தப்போ?

நவம்பர் 14, வெள்ளி

காலையில் மேகம். எட்டு மணிக்கும் மேகம். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், காந்தல் குருசடிச் சிலுவையையும் விடவில்லை.

பத்தரைக்கு எதிர் மலையில் வெயில். மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. மாடு நொண்டி நொண்டித் தேயிலைக்குள் வந்து நின்றது. ஆனால் நேராகக் கீழே பாறைச் சரிவு. அங்கே மயங்கினால் உருண்டுவிடும். காத்திருந்தோம். கை மரத்துவிட்டது. ஒரு மேகம் வந்து வெயிலை மூடியது, துளை இருண்டது. ராஜன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார், சாமியா திட்டா தெரியவில்லை.

வெயில் திரும்பி வந்தபோது மாடு சமதளத்துக்கு நகர்ந்திருந்தது. பக்கவாட்டில். முதுகு பளபளத்தது. வட்டத்துக்கு நடுவில் வெள்ளை நுனி, நுனிக்கு மேல் பின்தொடை. சந்தேகமே இல்லை. அழுத்தினேன்.

பட்டது. நினைத்த இடத்தில்.

பாய்ந்து வருமோ என்று ராஜன் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். வரவில்லை. கொஞ்ச தூரம் போய், தள்ளாடி, மடங்கி உட்கார்ந்தது. கண்ணுக்குத் துணி கட்டினோம். தலையை நிமிர்த்திப் பிடிக்க ரேஞ்சரும் இன்னும் இரண்டு பேரும். கம்பி சதைக்குள் புதைந்து வெளியே தெரியவே இல்லை. விரலால் தடவிக் கண்டுபிடித்து வெட்டினேன். புழு. நாற்றம். டிரைவர் தள்ளிப் போய் வாந்தி எடுத்தார்.

கழுவியதும் பார்த்தேன். எலும்பு தெரிந்தது. குளம்பு உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம் ஓடுகிறதா என்று தொட்டால் சூட்டில்தான் தெரியும். மற்ற மூன்று காலையும் முதலில் தொட்டேன். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு இந்தக் காலை, குளம்புக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சில்லென்று இருந்தது. கையை எடுக்கவில்லை. அடியில், உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் மெல்லச் சூடு. என் கைச் சூடோ? கையை மாற்றிப் பார்த்தேன். இல்லை, அதனுடையதுதான்.

"என்னங்க டாக்டர்?" என்றார் ரேஞ்சர்.

"சொல்லத் தெரியலைங்க. எந்திரிச்சாத்தான் தெரியும்."

மருந்து வைத்து, மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டுத் துணியை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஓடினோம். மாடு தலையை உதறியது. பின்கால்களைத் தூக்கியது. எழுந்தது. மூன்று காலில். அந்தக் கால் தொங்கிக்கொண்டே இருந்தது. ஓரடி. மறுபடி மூன்று காலில் ஓரடி. முடிந்தது என்று நினைத்தேன், எல்லாம் வீண் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் முட்டி ஒன்றுமே தெரியாமல் போனது.

ராஜன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நாலு வருடத்தில் என்னைத் தொட்டுப் பேசாத மனுஷன்.

"ஊனிருச்சுங்க டாக்டர். அந்தக் காலைத் தரையில ஊனிருச்சு."